குளிசையா, கொவ்வை இலையா, கோதலா ஹிம்புட்டா? மாமிக்காக ஒப்பிட்டுப் பார்த்தது

போன மாதம் மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். குருதிச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7.9 வீதம் வந்திருந்தது. மாமிக்கு 61 வயது, சீனி வருத்தம் வந்து ஒன்பது வருடம். காலையும் இரவும் 500 மில்லிகிராம் மெட்போமின் போடுகிறார். பிரஷருக்கு லொசாட்டன், கொழுப்புக்கு அடோவஸ்டட்டின். மெட்போமினை இரண்டு மடங்காக்கலாம் என்று டொக்டர் சொன்னார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே டொக்டர்" என்று தவணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுக்கு வந்ததும் மேசையில் நான்கு சாமான்களைப் பரப்பினார். கோதலா ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் தேயிலைப் பெட்டி ஒன்று. கட்டாரில் இருக்கும் மகன் கொடுத்தனுப்பிய, பெர்பெரின் என்ற மூலிகைச் சேர்வையின் கப்சூல் போத்தல். சொந்தக்காரர் ஒருவர் அக்கரைப்பற்றிலிருந்து கொண்டு வந்த, பெயர் எதுவும் எழுதாத பழுப்புத் தூள். வேலியில் அப்போதுதான் பிடுங்கிய ஒரு பிடி கொவ்வை இலை.

"எல்லாரும் ஒவ்வொண்டு சொல்றாங்க புள்ள. நீ கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறதானே, மறுகா இதுல எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லு."

சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடிய கேள்வி இல்லை இது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாதி நாளுக்குத்தான் குளிசை கிடைத்தது. மாமி யாருக்கும் சொல்லாமல் இரண்டு மாதம் பாவற்காய்ச் சாற்றை மட்டும் நம்பி இருந்தார். வெறும் வயிற்றுச் சீனி 290க்குப் போனது. காலில் இருந்த சின்னப் புண் ஆற மூன்று மாதம் எடுத்தது. அந்தப் புண்ணுக்கு ஒவ்வொரு நாளும் மருந்து கட்டியவள் நான். ஆகவே மூலிகை என்றதும் முகம் சுளிக்கவும் என்னால் முடியாது, "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்று தலையாட்டவும் முடியாது. இரண்டு கிழமை உட்கார்ந்து வாசித்தேன், பிறகு டொக்டரிடமும் கேட்டேன். நான் வைத்தியர் இல்லை. எங்கள் வீட்டுத் தீர்மானத்துக்கு எப்படி வந்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மெட்போமின். மாமி அதை "இங்கிலீசு மருந்து" என்று ஒதுக்கிப் பேசுவார். ஆனால் அதன் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா ஒஃபிசினாலிஸ் என்று ஒரு பயற்றினச் செடி வளர்கிறது. அதிலுள்ள கலேகின் என்ற சேர்வை குருதியில் சீனியைக் குறைக்கும். அதே செடியை அதிகமாகத் தின்ற ஆடுகள் செத்தும் போகும். 1920களில் கலேகினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நச்சுத்தன்மை கூட என்று கைவிட்டார்கள். அதற்கு உறவான மெட்போமின் 1922 இல் ஆய்வுகூடத்தில் உருவானது. 1957 இல் பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் அதை நீரிழிவுக்குக் கொடுத்துக் கிடைத்த முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994 இல்தான். 1998 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், எடை கூடிய, புதிதாக நோய் கண்ட 342 பேருக்கு மெட்போமின் கொடுத்துச் சுமார் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியவர்களை விட இவர்களிடம் நீரிழிவால் வரும் மரணம் 42 வீதம் குறைவாக இருந்தது.

இப்போது சில கிளினிக்குகளில் எழுதிக் கொடுக்கும் டபாகிளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசைக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1835 இல் அப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற சேர்வையைத் திருத்தித் திருத்தி வந்த வழி அது.

இதை மாமிக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இதுவும் இலைதானா?" என்று குளிசை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இலையிலிருந்து தொடங்கி, நஞ்சு எது மருந்து எது என்று பிரித்து, மில்லிகிராம் கணக்கில் நிறுத்து எடுத்தது என்று சொன்னேன். மேசையில் இருந்த நான்கு சாமான்களையும் பார்க்க எனக்கு அளவுகோல் கிடைத்தது அங்கேதான். எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியுமா? மனிதர்களில் பார்த்தார்களா, எத்தனை பேரில், எவ்வளவு காலம்? மாமி ஏற்கெனவே போடும் குளிசைகளோடு மோதுமா?

மெட்போமினுக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போட்டால் குறையும். வருடக்கணக்கில் போட்டால் விட்டமின் பி12 குறையலாம், அதைச் சோதித்துப் பார்க்கக் கேட்க வேண்டும். சிறுநீரக வடிகட்டும் வேகம் 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். மாமியின் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. அரச கிளினிக்கில் காசும் இல்லை.

அடுத்தது கோதலா ஹிம்புட்டு. உண்மையைச் சொன்னால், நாலு சாமானில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நம் பக்கத்துக் கொடி இல்லை இது. இலங்கையின் தென்மேற்கு ஈரக் காடுகளில் வளரும் தடித்த கொடி. சித்த மருத்துவத்தில் பொன்கொரண்டி என்று சொல்வது இந்த வகைக் கொடிகளைத்தான். சிங்கள ஊர்களில் இதன் தண்டைக் குடைந்து குவளை செய்து, இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள். 1990களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலிருந்து சலசினோல், கொதலனோல் என்று இரண்டு சேர்வைகளைப் பிரித்தெடுத்தார்கள். இவை சிறுகுடலில் மாப்பொருளையும் சீனியையும் உடைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றன. சோறு குளுக்கோசாக மாறுவது மெதுவாகும், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனியின் உச்சி குறையும். அகார்போஸ் என்ற குளிசை செய்வதும் இதே வேலையைத்தான்.

மனிதர்களில் செய்த ஆய்வும் இருக்கிறது, அதுவும் இலங்கையிலேயே. 2005 இல் வெளியானது. ஏற்கெனவே குளிசை போட்டுக்கொண்டிருந்த 51 நோயாளிகள், மூன்று மாதம் கோதலா ஹிம்புட்டுத் தேநீர், மூன்று மாதம் சாதாரணத் தேநீர். யார் எதைக் குடிக்கிறார் என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. முடிவில் மூலிகைத் தேநீர்க் காலத்தில் எச்பிஏ1சி சராசரி 6.29, சாதாரணத் தேநீர்க் காலத்தில் 6.65. சிலருக்குக் குளிசையின் அளவையும் கொஞ்சம் குறைக்க முடிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் நேர்மையாகச் செய்தது. அந்த வித்தியாசம் குளிசைக்கு மேலே கிடைத்தது, குளிசையை விட்டுவிட்டுக் கிடைத்ததில்லை. அயலவர் மாமிக்குச் சொன்ன கதையில் இந்த இடம்தான் விடுபட்டிருந்தது.

இந்தக் கட்டத்தில் வீட்டு மீட்டரை எடுத்தோம். ஒரு கிழமை காலையில் வெறும் வயிற்றிலும், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்தும் குத்திப் பார்த்தோம். காலையில் 125, 130 என்று நின்றது. மதியத்துக்குப் பிறகு 230க்கு மேல். மாமியின் பிரச்சினை சோற்றுக்குப் பிறகுதான். நெல் விளையும் ஊர்க்காரர் நாம். காலையில் பிட்டு, மதியம் மூன்று அகப்பை சோறு, இரவில் இடியப்பம். அப்படிப்பட்ட சாப்பாட்டுக்குக் கோதலா ஹிம்புட்டு வேலை செய்யும் விதம் பொருந்துகிறது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடையாமல் போன மாப்பொருள் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிறு ஊதும், வாயு பிடிக்கும். குடலில் சோற்றைத் தடுப்பதை விடக் கோப்பையில் ஒரு அகப்பையைக் குறைப்பது சுலபம் இல்லையா?

இன்னொரு ஆபத்து, முக்கியமாக கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் என்ற சீனிக் குளிசைகளைப் போடுகிறவர்களுக்கும் இன்சுலின் ஏற்றுகிறவர்களுக்கும். இவை சீனியை அளவுக்கு மீறிக் கீழே இறக்கக் கூடியவை. அகார்போஸ் போடுகிறவருக்குச் சீனி இறங்கினால் சாதாரணச் சீனித் தண்ணீர் வேகமாகக் கைகொடுக்காது, ஏனென்றால் அந்தச் சீனியை உடைக்கும் நொதியமே தடுக்கப்பட்டிருக்கிறது. குளுக்கோசையே கொடுக்க வேண்டும். கோதலா ஹிம்புட்டும் அதே இடத்தில் வேலை செய்வதால், குடிக்கிற வீட்டில் ஒரு குளுக்கோஸ் பெட்டி இருக்கட்டும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் நோன்பு பிடிக்கிறவர்கள் சஹர் என்ற விடியற்காலைச் சாப்பாட்டுக்குக் குளிசையும் போட்டு இதையும் குடித்துவிட்டு நாள் முழுக்க வெறும் வயிற்றோடு இருப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நோன்புக்கு முன்பே டொக்டரிடம் சொல்லி அளவுகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

குவளையா, பெட்டியா என்று கேட்டால் பெட்டி. குவளையிலிருந்து புதிதில் இறங்கும் அளவும் ஆறு மாதம் பாவித்த பிறகு இறங்கும் அளவும் ஒன்றாக இருக்காது. பெட்டியிலும் சேர்வையின் அளவைப் போடுவதில்லை, ஆனால் பையின் எடையாவது ஒரே மாதிரி இருக்கிறது.

பெர்பெரின் போத்தலைப் பார்த்ததும் மாமி "இது வெளிநாட்டுச் சாமான், நல்லமாத்தான் இருக்கும்" என்றார். பெர்பெரின் நமக்குப் புதியதில்லை. தடிமன் பிடித்தால் கொத்தமல்லியோடு அவிக்கும் மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல், அதன் மஞ்சள் நிறமே பெர்பெரின்தான். சீனாவில் செய்து 2008 இல் வெளியான ஒரு ஆய்வில் புதிதாக நோய் கண்ட 36 பேரில் பாதிப் பேர் நாளுக்கு மூன்று தடவை 500 மில்லிகிராம் பெர்பெரின் எடுத்தார்கள், மற்றவர்கள் மெட்போமின். மூன்று மாதத்தில் பெர்பெரின் எடுத்தவர்களின் எச்பிஏ1சி 9.5 இலிருந்து 7.5க்கு இறங்கியது, மெட்போமினுக்குக் கிட்டத்தட்டச் சமம். இலக்கம் மட்டும் பார்த்தால் மேசையில் இருந்த மூலிகைகளில் இதுதான் பலமானது.

பலமானது என்பதாலேயே எனக்குத் தயக்கம். ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதியங்கள் சிலவற்றைப் பெர்பெரின் மந்தப்படுத்துகிறது. ஆரோக்கியமானவர்களில் இரண்டு கிழமை கொடுத்துப் பார்த்தபோதே லொசாட்டனை உடல் மாற்றும் விதம் மாறியது. மாமி போடுவது லொசாட்டன். அடோவஸ்டட்டினும் இதே நொதியக் குடும்பத்தின் வழியாகத்தான் போகிறது. ஒன்றின் வேலை குறையலாம், மற்றது உடலில் தேங்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பெர்பெரினைத் தொடவே கூடாது, பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலையைக் கூட்டிவிடும். தடிமனுக்கு இரண்டு நாள் மரமஞ்சள் அவித்துக் குடிப்பதையும் நாளுக்கு 1500 மில்லிகிராம் கப்சூல் மாதக்கணக்கில் விழுங்குவதையும் ஒன்றாக நினைக்க முடியாது. மகனுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வாங்கியது. "அந்தக் காசுக்கு மீட்டர் ஸ்ட்ரிப் வாங்கி அனுப்புங்க மச்சான்" என்றேன். அனுப்பியிருக்கிறார்.

கொவ்வை இலையில் எனக்குத் தனி ஆசை உண்டு. கல்லடியில் எந்த வேலியிலும் படர்ந்து கிடக்கும், காசு கேட்காது. பெங்களூரில் செய்து 2008 இல் வெளியான ஆய்வில் 60 பேரில் பாதிப் பேருக்கு நாளுக்கு 1 கிராம் கொவ்வைச் சாறெடுப்பு 90 நாள் கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சீனி 16 வீதமும் சாப்பாட்டுக்குப் பின்னான சீனி 18 வீதமும் குறைந்தன. எனக்கு அதை விடப் பிடித்தது இலங்கையில் செய்து 2011 இல் வெளியானது. நோயில்லாதவர்களுக்கு 20 கிராம் இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். இலை தின்றவர்களுக்குச் சீனி குறைவாகவே ஏறியது. தேங்காய்ப்பூ, உப்பு, இலை என்றால் அது நம் வீட்டுச் சுண்டல்தானே! பிறகு 2021 இல் புதிதாக நோய் கண்ட 158 பேரில் கொவ்வைக் குளிசையும் இலங்கையிலேயே சோதிக்கப்பட்டு நல்ல பலன் வந்திருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. எந்தச் சேர்வை அந்த வேலையைச் செய்கிறது என்பது மெட்போமினைப் போலத் துலக்கமாக இல்லை. வேலிக்கு வேலி, மழைக்கும் வெயிலுக்கும் இலையின் பலம் மாறும். ஆனால் சுண்டலாகச் சாப்பிடும்போது அது கறி. சோற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடிக்கிறது, நார் சேர்கிறது. கிளிக்கிளசைட் போடாத ஒருவருக்குக் கிழமைக்கு நாலு நாள் சுண்டல் சாப்பிடுவதில் நான் ஆபத்தைக் காணவில்லை. பாவற்காயும் அப்படித்தான். 2011 இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் நாளுக்கு 2000 மில்லிகிராம் பாவற்காயை 1000 மில்லிகிராம் மெட்போமினோடு ஒப்பிட்டபோது பாவற்காய் கொஞ்சம் வேலை செய்தது, மெட்போமின் அளவுக்கு இல்லை. கறியாகச் சாப்பிடலாம். 2022 போலச் சாறாக்கிக் குளிசைக்குப் பதில் குடிக்கக் கூடாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெந்தயத்தின் நார் சீனி ஏறுவதை மெதுவாக்கும். ஆனால் சில ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 25 கிராம், சொதியில் போடும் ஒரு சிட்டிகையால் அது நடக்காது. கறுவாவைப் பற்றி 2012 வரை நடந்த பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நம்பும்படியான பலன் இல்லை என்றே சொன்னார்கள். குடிக்க ஆசை என்றால் நம் நாட்டுக் கறுவாவாக இருக்கட்டும். மலிவான காசியாப் பட்டையில் ஈரலைத் தாக்கும் கூமரின் கூட. சிறுகுறிஞ்சா இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. மாலைத் தேநீருக்குச் சீனி கேட்கிறவருக்கு அது உதவலாம். ஆவாரம்பூத் தேநீரை வாசத்துக்குக் குடிக்கலாம்.

பழுப்புத் தூளை மாமி முன்னாலேயே குப்பையில் கொட்டினேன். என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு என் மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது. மூலிகை என்று விற்ற தூள்களுக்குள் கிளிபென்கிளமைடைக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். 2004 இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பொஸ்டனில் கடையில் வாங்கிச் சோதித்த 70 தெற்காசிய மூலிகைத் தயாரிப்புகளில் 14 இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் நாடி பார்த்து, பெயர் எழுதி, அளவு சொல்லித் தரும் மருந்தை நான் இந்தத் தூளோடு சேர்க்கவில்லை. அவரிடம் போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அவர் தந்ததைக் கிளினிக்கிலும் சொல்ல வேண்டும்.

மேசையில் இல்லாத ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. சீனிக்கு நல்லது என்று காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் சாறாக்கிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் ஒக்சலேற்று மிக அதிகம். வெறும் வயிற்றில் நிறையக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். காமரங்காயில் மூளையைத் தாக்கும் நஞ்சும் உண்டு, சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது உயிராபத்து. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு மாமியோடு மறுபடியும் டொக்டரிடம் போனேன். அவர் பொறுமையாக வாசித்தார். கோதலா ஹிம்புட்டை அவர் தள்ளிவிடவில்லை. ஆனால் மெட்போமினுக்கு இன்னும் இடம் இருக்கும்போது அதைத்தான் முதலில் கூட்ட வேண்டும், இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கலக்கியது என்று யாருக்கும் தெரியாது என்றார். ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதையேதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஆக, மெட்போமின் படிப்படியாக நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குப் போகிறது. மதியம் மூன்று அகப்பை இரண்டானது, அந்த இடத்தில் கொவ்வைச் சுண்டல் வந்தது. சோறும் குளிசையும் ஒன்றாக மாறியதால் இதில் எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க முடியாதுதான். பரவாயில்லை, இரண்டையுமே நிறுத்தப் போவதில்லை. இன்சுலின் ஏற்றுகிற, சிறுநீரகம் பலவீனமான, அல்லது கர்ப்பமாக இருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அவர்கள் கொவ்வைச் சுண்டலுக்கு மேலே எதையும் கேட்காமல் தொடக் கூடாது என்பேன்.

கோதலா ஹிம்புட்டுப் பெட்டி திறக்காமல் அலுமாரியில் இருக்கிறது. அடுத்த கிளினிக் தை மாதம். அப்போதும் மதியத்துக்குப் பிந்திய சீனி 180க்கு மேலே நின்றால், அந்தப் பெட்டியையும் மீட்டர்க் கொப்பியையும் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைப்பதாகப் பேச்சு. மாமி கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்.